பெயர் சொல்லிவிட்டுத் தொடவும்

இதை நான் சொல்கிறேன், அக்கா எழுதுகிறாள். எனக்குக் கண் தெரியாது. எழுத்தில் பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள், விஷயத்தில் பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள். "உன்ரை வாய்க்கு என்னை ஏன்ரா திட்டு வாங்க வைக்கிறாய்?" என்கிறாள். அதையும் எழுது என்றேன். முணுமுணுத்துக்கொண்டு எழுதிவிட்டாள்.

அம்மா போன மாரியில் ஊரில் காலமானார். அவர் இருக்கும்வரை இதைப் பற்றி எங்கள் ஊர் ஆட்களிடம் வாய் திறப்பதில்லை என்றிருந்தேன். தம்பி ரூபன் எப்படிச் செத்தான் என்பது இதில் வருகிறது. அம்மாவுக்கு நான் சொன்னது ஒன்று, நடந்தது இன்னொன்று. அக்காவுக்கும் அம்மாவுக்குச் சொன்னதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், சுவிஸில் கூர் நகரத்துக்குக் கிட்ட ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே நடந்ததெல்லாம் அந்த ஒன்றைச் சொல்ல எனக்கொரு ஆள் கிடைக்குமா, கிடைத்தால் அந்த ஆளுக்கு யார் காசு கட்டுவது என்ற சண்டைதான். வாய்ச்சண்டை என்று நினைக்க வேண்டாம். மூக்கு உடைந்த சண்டை.

முதலில் கண் போன கதை. ஊரில் நானும் தம்பியும் சைக்கிள் கடை வைத்திருந்தோம். ஒரு பின்னேரம் சந்தியில் ஷெல் விழுந்தது. தம்பி போனான், எனக்கு இரண்டு கண்ணும் போனது. அக்காவும் அத்தானும் அதற்கு முன்பே டாவோஸ் வந்து ஒரு ஹோட்டலில் வேலை செய்தார்கள். அத்தான் கோப்பை கழுவினார், அக்கா கட்டில் விரிப்புத் தோய்த்தாள். வெளிநாட்டில் காட்டினால் கண் வரும் என்று என்னைக் கூப்பிட்டு எடுத்தார்கள். கண் டொக்டர் பார்த்துவிட்டு, பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றார். அதை அத்தான் எனக்குச் சொன்ன விதம் இது: "மச்சான், நல்ல கூலிங் கிளாஸ் ஒண்டு வாங்கித் தாறன். படத்திலை வாற ஆள் மாதிரி இருப்பாய்." சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார். கதவு மெல்லியது, எனக்குக் கேட்டது.

ஹோட்டல்காரர் கொடுத்த நிலக்கீழ் அறையில் மூன்று பேரும் இருந்தோம். அவர்கள் வேலைக்குப் போனால் நானும் ரேடியோவும்தான். நித்திரை வராது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் எனக்கு ஒன்றுதான், ஆனால் மூடியவுடன் சந்தி வந்துவிடும். அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தாங்கமாட்டாள், தாங்காமல் அம்மாவுக்கு எழுதுவாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் இடைவிடாமல் பனி கொட்டியது. மறுநாள் காலை அக்கா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். மேலே மலையில் குண்டு வெடித்தது. சுவர் அதிர்ந்தது. பிறகு இன்னொன்று. டாவோஸில் எல்லோருக்கும் இது தெரியும். மலையில் பனி கூடிவிட்டால், அது சரிந்து வந்து ஊரை மூடிவிடாமல் அவர்களே குண்டு வைத்து முன்கூட்டிச் சரித்துவிடுவார்கள். அத்தானுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். பஸ் சத்தம் மாதிரி அவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. இந்தக் குருடனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் எழும்பிக் கதிரையைத் தூக்கி ஜன்னலை அடித்தேன். கண்ணாடி நொறுங்கிக் குளிர் உள்ளே வந்தது. அக்கா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள். என் கை தானாகத் திரும்பியது. முட்டி அவள் வாயில் விழுந்தது. அவள் முன்பல் உடைந்து என் முட்டிக்குள் ஏறியது. அத்தான் ஓடி வந்து இழுத்தார். அவரை அலுமாரியோடு சேர்த்துவைத்து அடித்தேன். "நான்ரா! நான்தான்ரா!" என்று கத்தினார். நான் என்றால் யார்? உலகத்தில் எல்லோரும் நான்தான். அந்தச் சொல்லை வைத்து எனக்கு ஒருவரையும் பிடிபடவில்லை. அவர் மூச்சு இரைக்கும் இடத்தைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

பொலிஸ் வந்தது. முதுகில் முழங்கால், கழுத்தில் கை, வாய்க்குள் ரத்தமும் தரைவிரிப்பின் நூலும். விலங்கு மாட்டினார்கள். நான் கத்தியதெல்லாம் தமிழ், அவர்கள் கத்தியதெல்லாம் ஜெர்மன். அக்கா உடைந்த வாயோடு "அடியாதேங்கோ, கண் தெரியாதவன், அடியாதேங்கோ" என்று தமிழில் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தொடையில் ஊசி ஏறியது. அதோடு சத்தங்களெல்லாம் தூரமாகிவிட்டன.

கண் விழித்தேன் என்று பழக்கத்தில் சொல்ல வந்தேன். ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது கழுத்து ஒரு பக்கம் முறுகி அப்படியே நின்றது. தாடை பூட்டிக்கொண்டது, நாக்கு தடித்து வாயை அடைத்தது. அடங்காத நோயாளிக்குப் போடும் அந்த ஊசி சில பேருக்குத் தசையையும் இறுக்கிவிடுமாம். மாற்று ஊசி ஒன்று உண்டு, போட்டால் இளகிவிடும். இந்த விளக்கமெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது. அன்றைக்கு நான் நினைத்தது, நான் சொல்லக்கூடாது என்று வாயைப் பூட்டிவிட்டார்கள் என்றுதான்.

கண் தெரிந்த விசரனுக்கு அங்கே ஆள் வருவது தெரியும், கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். எனக்கு என்ன தெரியும்? அவர்கள் எல்லோரும் றப்பர் செருப்புப் போட்டிருந்தார்கள். சத்தமே இல்லை. சும்மா இருக்கும்போது காற்றிலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கும். இன்னொரு கை வாயில் குளிசையைத் திணிக்கும். மூன்றாவது கை காற்சட்டையை இறக்கும். நான் அடித்தேன். அடிக்காமல் என்ன செய்வது? அடித்தால் நாலு பேர் வருவார்கள், அறைக்குள் போட்டுப் பூட்டுவார்கள். மெத்தை ஒன்று, வாளி ஒன்று. சுவரைத் தடவித் தடவி மூலைகளை அறிந்துகொண்டேன்.

கிழமையில் ஒருநாள் எல்லோரையும் படம் கீறக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனதில் உள்ளதைக் கீறினால் பாரம் குறையுமாம். என் கையிலும் கலர் பென்சிலை வைத்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, அக்கா சாட்சி. குருடன் கையில் கலர் பென்சில்! கடித்து நொறுக்கித் துப்பினேன். "நோயாளி ஒத்துழைக்க மறுத்தார்" என்று பதிந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துவக்குச் சூடு தொடங்கியது. ஒன்று இரண்டில்லை, வரிசையாக, ஓயாமல். இந்த நாட்டில் ஆம்பிளைகள் எல்லோரும் படையில் பயிற்சி எடுத்தவர்கள். துவக்கு வீட்டில் இருக்கும், சனிக்கிழமைகளில் ஊர் எல்லையில் போய்க் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவார்கள். இதுவும் அவர்களுக்குப் பஸ் சத்தம் மாதிரிதான். சண்டை இல்லாத நாடு என்று எனக்குச் சொன்னவன் எவன் என்று நினைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்தேன். யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். ஆண் தாதி, ரேட்டோ என்று பெயர், நல்ல மனுசன். அதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் மற்றக் காலை மடக்கி முழுப் பலத்தோடு உதைத்தேன். குதிக்காலில் எலும்பு முறிவது விளங்கியது. ரேட்டோவின் மூக்கு.

அதன் பிறகுதான் என்னைக் கட்டினார்கள். அங்கே அதற்கு ஃபிக்ஸியெருங் என்று பெயர். இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், வயிறு, எல்லாவற்றுக்கும் தோல் பட்டி, கட்டிலோடு சேர்த்துப் பூட்டு. கண் தெரியாதவனுக்குக் கைதான் கண். அதையும் கட்டிவிட்டால் மிச்சம் காது மட்டும். அந்தக் காதில் சனிக்கிழமைச் சூடு விழுந்துகொண்டே இருந்தது. நான் மூத்திரத்தில் கிடந்தேன். தலையைத் திருப்பித் திருப்பிக் கட்டில் கம்பியில் மோதினேன், ரத்தம் வந்தது. சூடு நின்ற பிறகும் தம்பி கூப்பிடுவது நிற்கவில்லை.

அக்கா லீவு கிடைக்கும் நாட்களில் ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்தாள். பல் போன இடத்தால் காற்றுப் போய், ‘ச’ சொல்லும்போது விசில் அடித்தது. அந்த விசிலைக் கேட்கக் கேட்க எனக்குச் சாகலாம்போல இருந்தது. அத்தான் பிலிம் றோல் வரும் சின்னக் குப்பியில் மிளகாய்த்தூள் அடைத்து, "மச்சான், மருந்து. உருளைக்கிழங்கிலை தூவு, ஆருக்கும் சொல்லாதை," என்று என் கைக்குள் வைப்பார். அவருக்கு விலா எலும்பு வெடித்திருந்தது. இருமல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், நான் கேட்கக்கூடாதாம்.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண் டொக்டர். பெயர் நாக்கைச் சுளுக்கும், அதனால் டொக்டர் அம்மா என்றே கூப்பிட்டேன். எனக்குக் கடையில் சாமான் வாங்குமளவு இங்கிலீஷ் தெரியும், அவவுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவ எனக்கு விளங்கப்படுத்தினா. இது மூளை பழுதான விசர் இல்லை. பெரிய பயம் ஒன்று வந்து போய்விட்டது, ஆனால் உடம்புக்கு அது போனது தெரியாது, அது இன்னும் அங்கேயே நிற்கிறது. குளிசை உடம்பைப் படுக்க வைக்கும், அவ்வளவுதான். நடந்ததை ஒரு ஆளிடம் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் உடம்புக்கு அது முடிந்துவிட்டது என்று தெரியப்படுத்த வேண்டும். "டோக்," என்றா. "யூ மஸ்ட் டோக்."

கதைக்க நான் தயார். எந்தப் பாஷையில்?

மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கூரில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்த குணம் அண்ணை. தங்கமான மனுசன், ஒரு சதம் வாங்காமல், வேலை முடிந்த களைப்போடு வந்தார். என் கையைப் பிடித்தார். நம்முடைய ஆட்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

சொன்னேன்.

"அட, அப்பிடியெண்டால் எங்கடை பக்கத்து ஊரெல்லே! ஆற்றை மகன்?"

அதையும் சொன்னேன். வாய் பழகின பழக்கம், யோசிக்கவே இல்லை.

"ஐயோ, அம்மாவை எனக்கு நல்லாய்த் தெரியுமடா தம்பி. கோயிலடியிலை எங்கடை மனுசியோடை கதைச்சுக்கொண்டு நிப்பா. சின்னப் பொடியன் செத்தது கேள்விப்பட்டனான். ஒண்டும் தெரியாமல் ஒரு நொடியிலை போட்டானாம். அம்மா அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்திறாவாம். நான் இந்தக் கிழமை வீட்டை கடிதம் போடேக்கை உம்மைக் கண்டனான் எண்டு எழுதுறன்."

முடிந்தது கதை. ஒரு நொடியில் போய்விட்டான் என்று அம்மாவுக்குச் சொன்னது நான். அம்மா அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார், படுக்கிறார். நான் இங்கே குணம் அண்ணையிடம் உண்மையைச் சொன்னால், அவர் சத்தியம் பண்ணினாலும் மனுசியிடம் சொல்லுவார். மனுசி கோயிலடியில் நிற்பா. டொக்டர் அம்மா, என்ன நடந்தது என்று கேட்டா. "ஒண்டுமில்லை, ஊர் ஞாபகம்," என்றேன். குணம் அண்ணை அதை நல்ல ஜெர்மனில் சொன்னார். அவர் போன பிறகு சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். திரும்பவும் பட்டி.

டொக்டர் அம்மா மண்டு இல்லை. அண்ணை வந்து போனால் நான் மோசமாவதைக் கண்டுபிடித்துவிட்டா. "வேறு ஆள் வேண்டுமா?" என்று கேட்டா. "ஓம். என்னைத் தெரியாத ஆள்," என்றேன். அன்றைக்கு அந்த நாட்டில் இருந்த தமிழர் கொஞ்சப் பேர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், தெரியாவிட்டாலும் ஒரு கேள்வியில் தெரிந்துகொள்வார்கள். கடைசியில் சூரிச் பக்கம் ஒரு இந்தியத் தமிழ்ப் பெண் இருக்கிறா, மொழிபெயர்ப்பதுதான் அவவுடைய தொழில் என்று தெரியவந்தது. தொழில் என்றால் சம்பளம் வேண்டும், ரயில் காசு வேண்டும். நியாயம்தானே.

அந்தக் காசுக்காக டொக்டர் அம்மா தட்டாத கதவில்லை. நோய்க் காப்புறுதிக்காரர், குளிசைக்குக் கட்டுவோம், ஊசிக்குக் கட்டுவோம், பாஷை ஒரு நோயில்லை என்றார்கள். ஊனமுற்றோருக்குக் காசு கொடுக்கும் அரசாங்கக் கந்தோர், இவர் இந்த நாட்டுக்குள் வரும்போதே கண் இல்லாமல்தான் வந்தார், எங்கள் பொறுப்பில்லை என்றது. அகதிகளைப் பார்க்கும் கந்தோர், ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறவர் ஆஸ்பத்திரியின் ஆள் என்றது. கண் தெரியாதவர்களின் இல்லம் ஒன்றில் கேட்டா. விசர் உள்ளவரை எங்களால் சமாளிக்க முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகமோ, கண் இல்லாதவரைப் பார்க்க எங்களிடம் ஆட்களும் இல்லை, வசதியும் இல்லை என்றது. எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள்! ஒன்றில் குருடனாய் இரு, இல்லாவிட்டால் விசரனாய் இரு, இரண்டாயும் இராதே என்கிறார்கள். என்னில் பாதியை வெட்டியா கொண்டுபோய்க் கொடுக்கிறது?

ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் அவர்கள் கேள்வி கேட்காமல் காசு கட்டினார்கள். நான் கட்டிலில் கட்டப்பட்டிருந்த நேரமெல்லாம் பக்கத்தில் ஒரு ஆள் கதிரை போட்டு இருந்தார். சிட்ஸ்வாக்கே என்பார்கள், ஆபத்தான நோயாளிக்குப் பக்கத்தில் காவல் இருப்பவர். மணித்தியாலக் கணக்கில் சம்பளம். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், தாள் புரளும் சத்தம் கேட்கும். டொக்டர் அம்மா ஒருநாள் வந்து அந்தத் தாள் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றா. அடுத்த கிழமை அந்தக் கதிரையில் காவல்காரர் என்ற பெயரில் வேறு ஆள் வந்து இருந்தா.

"என் பேரு வசந்தா. உங்க இடது கைப்பக்கம் உக்காந்திருக்கேன்," என்றது ஒரு குரல். "நான் கோயமுத்தூர்ப் பக்கமுங்க. உங்க ஊரு எதுன்னு நான் கேக்க மாட்டேன். நீங்க யாரு பையன்னும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்."

நான் கட்டிக் கிடந்தபடியே அழுதேன். மூக்கைத் துடைக்கக் கை இல்லை. "துடைச்சு விடட்டுமாங்க? தொடுறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத் துடைத்தா. அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு என்னைத் தொட்ட முதல் ஆள் அவதான்.

அன்று நான் முதலில் சொன்னது தம்பி கதை இல்லை. றப்பர் செருப்பைப் பற்றிச் சொன்னேன். காற்றிலிருந்து வரும் கைகளைப் பற்றிச் சொன்னேன். அவ அதை டொக்டர் அம்மாவுக்குச் சொன்னா. இது இவ்வளவு சின்ன விஷயமா என்று டொக்டர் அம்மா கேட்டாவாம். சின்ன விஷயமாம்! மறுநாள் என் கதவில் பெரிய எழுத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள்: பெயர் சொல்லிவிட்டுத் தொடவும். எல்லோரும் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். துடைக்க வருபவள்கூட வாளியை வைத்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். ரேட்டோ என் கதவுக் கைப்பிடியில் காயம் கட்டும் துணி ஒன்றைக் கட்டிவிட்டான், தடவி என் அறையைக் கண்டுபிடிக்க. சனிக்கிழமைகளில் முன்கூட்டி வந்து, அரைகுறை இங்கிலீஷில், "நான் ரேட்டோ. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுடுவார்கள்," என்று சொல்லிவிட்டுச் சூடு முடியும்வரை என்னோடு இருந்தான். மூக்கு உடைந்த பிறகு அவன் சிரித்தாலும் விசில் வந்தது. என்னால் விசில் அடிக்கிற ஆட்கள் இரண்டு பேர்.

பட்டியைக் கழற்றினார்கள். குளிசையைக் குறைத்தார்கள். நான் யாரையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் வசந்தாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். சைக்கிள் கடை, சந்தி, ஷெல் கூவி வரும் சத்தம். ஷெல் விழுந்த இடத்துக்கு வந்ததும் வாய் நின்றுவிடும், வேர்த்துக் கொட்டும். "அடுத்த வாரம் பாக்கலாங்க, அவசரமில்லை," என்பா.

அவசரம் இருந்தது. டொக்டர் அம்மா ஒருநாள் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னா. வசந்தாவுக்கு வரும் சம்பளம் காவல் கணக்கில் வருகிறது. காவல் ஆபத்தான நோயாளிக்குத்தான். நான் இப்போது ஆபத்தில்லை. காசு கொடுக்கும் கந்தோர்காரர் கூட்டத்துக்கு வருகிறார், காவலை நிறுத்தப்போகிறார்.

"அப்ப நான் ஆரையும் அடிச்சால்?" என்று கேட்டேன்.

வசந்தா அதை மொழிபெயர்த்தா. டொக்டர் அம்மா தாளைப் புரட்டி, கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொன்னா.

கூட்டம் ஒரு பெரிய அறையில் நடந்தது. அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். கந்தோர்காரர் மரியாதையான ஆள், கை குலுக்கினார். நல்ல செய்தி என்று தொடங்கினார். வெகுநாளாக ஒரு அசம்பாவிதமும் இல்லை, சந்தோசம், இனிக் காவல் தேவைப்படாது. கதைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கென்று ஒரு கணக்கு எங்களிடம் கிடையாது. வசந்தா இதை ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னா.

என் காதுக்குள் தம்பி கூப்பிட்டான். இவ்வளவு தூரம் வந்து, வாசலில் வைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். கதிரையைத் தூக்கிச் சுழற்ற எனக்கு ஒரு கணம் போதும். ஆனால் அந்த அறையில் அக்கா இருக்கிறாள், எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

"வசந்தா அக்கா, எல்லாரையும் ஒருக்கால் தங்கடை பேரைச் சொல்லச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர்களுக்கு அந்த வழக்கம் பழகிவிட்டது. சந்தோசமாகச் சொன்னார்கள். டொக்டர் அம்மா எனக்கு வலப்பக்கம். ரேட்டோ பின்னால், கதவடியில். கந்தோர்காரர் எனக்கு நேர் முன்னால். நிர்வாகி அவருக்கு வலப்பக்கம். அக்கா என் இடப்பக்கம், விசிலோடு. வசந்தா அவளுக்கும் எனக்கும் நடுவில். முன்னால் வலது மூலையில் ஒரு பெயரும் வரவில்லை. அங்கே அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய் மட்டும் டிக் டிக்கென்றது.

"மேசையிலை என்ன இருக்கு?"

"தண்ணி ஜக் இருக்குங்க. உங்க வலது கைக்கு எட்டும்." சொல்லும்போதே அவவுக்கு விளங்கிவிட்டது, குரல் மாறியது. ஆனால் சொல்லி முடித்தா.

எடுத்தேன். உள்ள பலமெல்லாம் சேர்த்து அந்தக் குழாய்ச் சத்தத்தைப் பார்த்து எறிந்தேன். கண்ணாடி ஜக். இரும்பில் பட்டுச் சிதறியது. கதிரைகள் விழுந்தன. அக்கா "ஐயோ" என்று கத்தினாள். ஒரு ஆளிலும் படவில்லை.

"இப்ப நான் ஆபத்தான ஆளோ எண்டு அவரைக் கேளுங்கோ."

வசந்தா கேட்டா, குரல் நடுங்காமல். தாள்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் ஒரு விசில் வந்தது, ரேட்டோ சிரிப்பை அடக்குகிறான். கந்தோர்காரர் ஜெர்மனில் ஏதோ சொன்னார்.

"விதிப்படி இது ஆபத்துதானாம்," என்றா வசந்தா. "மலையில பனி கரையற வரைக்கும் காவல் தொடரட்டுமாம்."

விதி என்றால் விதி. எறிந்தவனைக் கட்ட வேண்டும். நானே போய்க் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினேன். "நான் ரேட்டோ," என்று சொல்லிவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "நான் ரேட்டோ," என்று சொல்லிவிட்டு மற்றக் கையையும் கட்டினான். ஒவ்வொரு பட்டிக்கும் பெயரைச் சொன்னான்.

அடுத்த கிழமை வசந்தா வந்தபோது சொன்னேன். ஷெல் விழுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சூடாக முகத்தில் வழிந்தது. தம்பி ஒரு நொடியில் சாகவில்லை. "அண்ணை, இஞ்சை. அண்ணை, இஞ்சை," என்று கூப்பிட்டான். நான் குரலை வைத்துத் தவழ்ந்தேன். காது இரைந்தது, குரல் எல்லாப் பக்கத்தாலும் வந்தது. ஒரு கை தட்டுப்பட்டது, அது அவனுடையது இல்லை. திரும்பித் தவழ்ந்தேன். முழங்காலில் கண்ணாடி குத்தியது, இறைச்சி வழுக்கியது. அவன் கோபித்தான். "எங்கையண்ணை போறாய், இஞ்சையெல்லே நான்," என்றான். சைக்கிள் கடையில் சாவியை மாறி எடுத்தால் அப்படித்தான் கோபிப்பான்.

வசந்தா மொழிபெயர்த்தா. நான் சொன்னதை, தானே சொல்வது மாதிரிச் சொல்வதுதான் அவவுடைய வேலை. ஜெர்மன் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள்ளே ஒரே ஒரு சொல் தமிழில் வந்தது. "அண்ணை." அதை அவ மாற்றவில்லை. எங்கள் ஊர்ச் சொல்லை எங்கள் ஊர் மாதிரியே சொன்னா. இன்னொரு முறை. "அண்ணை." அவ்வளவு நாளும் அந்தச் சொல் எனக்குள்ளே மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு அது அறைக்குள் கேட்டது. டொக்டர் அம்மாவும் கேட்டா.

அக்கா பேனையை வைத்துவிட்டாள். எழுது என்று நான் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டவன்?" என்று கேட்கிறாள். பல்லைக் கட்டி வருசக்கணக்காகிவிட்டது, ஆனாலும் அவள் குரலில் காற்றுப் போகிறது.

"நான் போய்த் தொடும்வரைக்கும்."

"தொட்டனியோ?"

"தொட்டனான், அக்கா. நான்தான், யோகன் எண்டு சொல்லிப்போட்டுத் தொட்டனான். அப்பதான் நிப்பாட்டினவன்."

பேனையை எடுத்து அதையும் எழுதுகிறாள்.